பின் எண்ணும் மூலை

என் அம்மா ரோண்டா டாக்கெட் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை, பள்ளிச் சமையற்கூடத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. கையில் மாவு அப்படியே இருந்ததாகச் சொன்னார்கள். அதற்கு மேல் விவரம் யாரிடமும் இல்லை.

நான் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். சுத்தியலால் தட்டுவேன், சத்தத்தைக் கேட்பேன். சத்தம் சரியில்லையென்றால் காரணம் தேடுவேன். பெரும்பாலும் கிடைத்துவிடும். அம்மா செய்த காரியங்களுக்கு மட்டும் எனக்குக் காரணம் கிடைத்ததில்லை. கேட்டால், "மொதல்ல உன் ஷூ லேஸக் கட்டு" என்பாள். லேஸ் கட்டித்தான் இருக்கும்.

பகலில் அவள் பள்ளிச் சமையற்காரி. மாலையில் சியர்லீடிங் கோச்: ஆட்டம், கரணம், ஆளைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவது என்று பெண் பிள்ளைகள் போடும் போட்டி அது. கென்டக்கி மலை இடுக்கில் எங்கள் ஊர். சுரங்கம் மூடியதும் பாதி ஊர் காலியானது. மிச்சமிருந்த பெண் குழந்தைகளை வைத்து அம்மா டீம் நடத்தினாள். இடம், பனிக்காலத்தில் பனி உருகச் சாலையில் தூவுகிற உப்பைக் குவித்து வைத்திருந்த பழைய கொட்டகை. உருளையைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி வளைந்த தகரக் கூரை, இரண்டு பக்கமும் தரையைத் தொடும். கழுவி மெத்தை விரித்து எத்தனையோ வருடமாகியும் ஆணிகளை உப்பு தின்றுகொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் நவம்பரில் நன்றி நாள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஆணிகளைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்வேன்.

"நம்மள விட அதுக்கு ஆயுசு கெட்டிடீ," என்பாள். அவள் விஷயத்தில் அது சரியாகிவிட்டது.

பெரிய ஊர்களில் வயதுக்கு ஒரு டீம் இருக்கும். எங்களுக்கு மொத்தமே ஒரு டீம்தான் தேறும். ஒன்பது வயதிலிருந்து பதினெட்டு வரை எல்லோரும் அதில்தான். அதற்கும் கீழே உள்ள வாண்டுகள் ஓரத்தில் கரணம் போடும். போட்டி விதியில் இப்படி வயது கலப்பதற்கு இடம் இருக்கிறது. எடைக் கணக்கும் ஒத்துப்போகும்: பெரியவர்கள் கீழே நின்று தூக்க வேண்டும், சின்னவள் மேலே அவர்கள் உள்ளங்கையில் நிற்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்குப் புரியும். மற்றதெல்லாம் புரியாது. ஒரே வேனில் போவார்கள். ஒரே அறையில் உடை மாற்றுவார்கள். பதினேழு வயதுப் பெண் ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் கண்ணில் மை தீட்டிக்கொண்டே தன் காதலனைத் திட்டுவாள்.

ஊரில் அதைப் பற்றிப் பேச்சு இருந்தது. அம்மாவும் அதற்கு ஒரே பதிலைச் சொன்னதில்லை. தேவாலயத்தில் ஒருத்தி கேட்டதற்கு, "தலைக்கு மேல ஒரு சின்னது நிக்குதுன்னா பெருசு ஒழுங்கா இருக்கும். ராத்திரி குடிச்சுட்டு மறுநாள் தூக்க வர முடியுமா?" என்றாள். அதே வாரம் என்னிடம் தொலைபேசியில், "ஆள் இருந்தா இன்னிக்கே பிரிச்சிடுவேன். சின்னதுங்கள பெருசுங்களோட விடுறதே பாவம்," என்றாள்.

இரண்டில் எது என்று கேட்டேன். லேஸைக் கட்டச் சொன்னாள். தொலைபேசியில்.

பெரியவர்கள் பேச்சு எல்லை தாண்டும்போது அவளிடம் ஒரு வழி இருந்தது. கதவோரம் அவளுக்கென்று ஒரு இரும்பு நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியே, "பின்!" என்று கத்துவாள். உடனே சின்னவர்கள் எல்லோரும் எதிர்ச் சுவரோரம் ஓடிப்போய், அங்கே இருக்கிற பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து ஹேர்பின் எண்ண வேண்டும். எண்ணி முடித்தால் திரும்பக் கொட்டி மறுபடி எண்ண வேண்டும். அவள் "சரி" என்று சொன்னபிறகுதான் திரும்பி வரலாம். ஊரில் முப்பது நாற்பது வயதுப் பெண்கள்கூட, மேசையில் பேச்சு ஒரு மாதிரிப் போனால் பிள்ளைகளைப் பார்த்து, "போய்ப் பின் எண்ணுங்க" என்பார்கள்.

நானும் எண்ணியிருக்கிறேன். ஒன்பது வயதில் பெரியவர்கள் கையில் ஏறி நின்றேன். நன்றாகத்தான் நின்றேன். பத்து வயதில் ஒருநாள் அம்மா என்னை இறக்கிவிட்டாள். என் இடத்தில் என் தோழி கிறிஸ்டல் ஏறினாள். ஏன் என்று கேட்டேன். என்ன சொன்னாள் என்று திரும்பச் சொல்லத் தேவையில்லை.

சவ அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு நடந்தது. பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் என் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. டுவைட் வந்து எதிரே உட்கார்ந்தார். டயர் கடை வைத்திருக்கிறார். இளமையில் நல்ல கரணக்காரர், அம்மாவுக்கு உதவி கோச்.

"கெண்ட்ரா, கொட்டகையப் பூட்டிடாத மா. லெக்சிங்டன் போட்டி வரைக்கும் மட்டும். பொறுப்புக்குக் குடும்பத்துல ஒரு ஆள் இருந்தா போதும். நீ சும்மா உக்காந்திரு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது டுவைட்."

"தெரிய வேண்டாம். உங்கம்மாவுக்கு மட்டும் என்ன தெரியும்? உக்காந்தே ஓட்டுனா."

அவருக்குப் பின்னால் பிரின்லி நின்றாள். பதினேழு வயது, அகலத் தோள், அழுது வீங்கிய முகம். டீமின் முக்கியத் தூண் அவள். அவளைப் பார்த்துக் கல்லூரியில் இடம் தருவதற்கென்றே ஒரு கல்லூரி கோச் லெக்சிங்டனுக்கு வருவதாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் விடுப்பை நீட்டித்தேன்.

முதல் நாள் பயிற்சியிலேயே கோளாறு தெரிந்தது. மேலே நிற்க வேண்டியவள் ஓக்லி. ஒன்பது வயது, கிறிஸ்டலின் மகள். பெரியவர்கள் தூக்கினார்கள். அவள் தோள் உயரம் வரை வந்தாள், முழங்கால் மடங்கியது, சரிந்து அவர்கள் கைகளில் விழுந்தாள். மறுபடி தூக்கினார்கள். மறுபடி மடங்கியது.

"ஏய் குட்டி, காலு என்ன நூடுல்ஸா?" என்றாள் பிரின்லி.

"இல்ல."

"அப்புறம் என்னடி? போன மாசம் மேல நின்னுட்டு கொட்டாவி விட்டியே!"

ஓக்லி கதவோரக் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"துக்கம்," என்றார் டுவைட் என் காதில். "கோச்சுன்னா உயிரு அவளுக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

சரியாகவில்லை. நான் பார்த்தவரை அது துக்கத்தில் விழுவது போல் இல்லை. துக்கத்தில் இருப்பவர்கள் எங்கே வேண்டுமானாலும் விழுவார்கள். இவள் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில், ஒரே பக்கம், இடது பக்கம் விழுந்தாள். வலது பக்கத்தில் பிரின்லி இருந்தாள். அதாவது ஓக்லி தன் எடை பிரின்லி மேல் விழாமல் விலக்கிக்கொண்டிருந்தாள். ஏன் என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சண்டையா என்று கேட்டேன். பிரின்லி, "சண்டையா? நேத்து ராத்திரிகூட என் மடில படுத்துத் தூங்குனா," என்றாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கிறிஸ்டல் மகளைக் கூப்பிட வந்தாள். வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"கெண்ட்ரா, அவள எடுத்துடுடி."

"அவள எடுத்தா தூக்கறதே இல்ல கிறிஸ்டல். மேல நிக்க வேற ஆளு?"

"அது எம்பிரச்சனை இல்ல. ரோண்டா இருந்தா, நம்பி விட்டேன். இப்ப தடிமாடுங்க நடுவுல எம்புள்ளய யாரு பாக்குறது? நீயா? நீ பாலத்தப் பாப்ப."

"வியாழக்கிழமை வரைக்கும் குடு."

"வியாழன். அதுக்கு மேல ஒரு நாள் தரமாட்டேன். உன் மூஞ்சிக்காகத்தான் இதுவும்."

எனவே வியாழனுக்குள் நான் முடிவு செய்ய வேண்டும். ஓக்லி ஏறினால் விழுவாளா, தெரியாது. ஏறாவிட்டால் பிரின்லியைக் கல்லூரிக்காரர் பார்க்க ஒன்றுமில்லை. அம்மா என்ன செய்திருப்பாள் என்று எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. அவளைச் சின்னதுகளின் தெய்வம் என்றாள் ஒருத்தி. பெரியதுகளுக்காகச் சின்னதுகளைப் பலி கொடுத்தவள் என்றாள் இன்னொருத்தி. அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

புதன்கிழமை சீக்கிரம் போனேன். சும்மா இருக்க முடியாமல் கூட்டிப் பெருக்கினேன். எதிர்ச் சுவர் மூலைக்கு வந்து பின் டின்னை எடுக்கக் குனிந்தேன்.

"பாவம்தான். ஆனா இந்தப் பொண்ணுக்குப் பாலம்தான் தெரியும். ஆளுங்களத் தட்டிப் பாக்க முடியாதே."

டுவைட்டின் குரல். காதுக்குள் பேசியது போல இருந்தது. திரும்பினேன், பக்கத்தில் யாருமில்லை. டுவைட் கொட்டகையின் மறுபக்கம், அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று பிரின்லியிடம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் மெத்தைப் பரப்பு முழுக்க இருந்தது.

"சாப்பிடக்கூட மாட்டேங்குறாங்க. ரோண்டா மாதிரியே மொகம். வாய் மட்டும் இல்ல," என்றது பிரின்லியின் குரல், என் காதில்.

மூலையை விட்டு இரண்டு எட்டு நகர்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப வந்தேன், கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். நாற்காலிக்கு மேலே ஒரு வளைவு விலா, கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம், ஏறி, கூரையைச் சுற்றி, நான் நிற்கிற இடத்தில் இறங்கியது. ஒரு காலடியில் பேசினால் தகரம் அந்தப் பேச்சைத் தாங்கி மறு காலடியில் இறக்கிவிடும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. பழைய மாதாகோவில் கோபுர உள்வளைவுகளில் இது உண்டு. உப்புக் கொட்டகையில் நான் யோசித்ததில்லை.

டின்னைத் திரும்பத் தரையில் வைத்தேன்.

பெரிய பெண்கள் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் அம்மாவின் நாற்காலிக்குத்தான் போவார்கள். அவள் "பின்!" என்பாள். சின்னவர்கள் இந்த மூலைக்கு ஓடி வருவார்கள். அதாவது எதைக் கேட்கக் கூடாதோ அதை மிக நன்றாகக் கேட்கக்கூடிய ஒரே இடத்துக்கு அவர்களை அனுப்பியிருக்கிறாள். எத்தனை வருடம்! அவளுக்குத் தெரியாதா? அவள் நாற்காலியிலேயே இருந்தவள், இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்க மாட்டாள். தெரிந்திருக்காது. அல்லது தெரிந்தே அனுப்பினாளா? ஒன்பது வயதுப் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும் என்றா? முதலாவது என்றால் முட்டாள்தனம். இரண்டாவதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

ஓக்லி வந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"பின் எண்ணும்போது ஏதாவது கேட்டியா?"

"நான் எண்ணிட்டிருந்தேன் மிஸ் கெண்ட்ரா."

"எத்தனை இருக்கு?"

முழித்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். 

போய் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் போனபின் யாரும் அதில் உட்கார்ந்திருக்கவில்லை. உட்கார்ந்தபிறகுதான் அடுத்தது உறைத்தது. ஒரு பாதையில் ஒலி போகுமென்றால் அதே பாதையில் திரும்பியும் வரும். கல்லூரி முதலாண்டுப் பாடம்.

மெத்தையில் பெரியவர்கள் யாருடைய காதலனையோ கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் மூஞ்சியப் பாத்தா ஆட்டுக்கே கோவம் வரும்டி. இதுல முத்தம் வேற—"

"பின்!" என்றேன்.

எல்லோரும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். என் குரல் அம்மாவின் குரலைப் போல் வந்திருந்தது போலும். பிரின்லி வாயைப் பொத்திக்கொண்டாள். ஓக்லியும், ஓரத்தில் கரணம் போட்டுக்கொண்டிருந்த ஆறு வயது ஜூனிப்பரும் எதிர் மூலைக்கு ஓடினார்கள். டின் திறந்தது. பின்கள் சிமெண்டில் கொட்டிய சத்தம் என் காதோரம் விழுந்தது.

கிசுகிசுப்பாகப் பேசினார்கள்.

"ஏன் நீ விழுந்துட்டே இருக்க?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நான் யாரு?"

பின்களை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"பிரின்லிக்குத் தோள் கழண்டு கழண்டு வருதாம். கோச்கிட்ட சொல்லி அழுதா. நான் இங்கதான் இருந்தேன்."

"கோச் என்ன சொன்னாங்க?"

"நான் பாத்துக்குறேன், யார்கிட்டயும் மூச்சு விடாதன்னாங்க. அதான் நான் விடல."

"கோச்தான் செத்துட்டாங்களே."

"ம்."

"அப்ப இப்ப யாரு பாத்துக்குவா?"

இருவரும் எண்ண ஆரம்பித்தார்கள். மூச்சு விடாதே என்று அம்மா சொன்னது பிரின்லியிடம். ஓக்லி அதைத் தனக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டிருந்தாள். பிரின்லியின் தோள் எப்படியாவது தாங்கட்டும் என்று தன் எடையைத் தினமும் இடது பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றேன். ஓடி வந்தார்கள்.

இப்போது எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வழியில்லை. பிரின்லியிடம் உன் தோள் என்று ஆரம்பித்தால், யார் சொன்னது என்பாள். சொன்னது அம்மா இல்லை, டுவைட் இல்லை. மிச்சம் இருப்பது அவள் மடியில் படுத்துத் தூங்குகிறவள். காரணம் சொல்லாமல் ஓக்லியை இறக்கிவிடலாம். அப்போது, நான் நல்லாப் பண்ணலையா என்று ஓக்லி கேட்பாள். அந்தக் கேள்வியைப் பல வருடம் வைத்திருந்து எனக்குப் பழக்கம். எவ்வளவு கனம் என்று தெரியும்.

இரவெல்லாம் இதை வைத்துப் புரண்டேன் என்று சொல்ல மாட்டேன். தூங்கிவிட்டேன். காலையில் விடை இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே விடை.

கொட்டகைக்குப் பின்னால் மீந்துபோன உப்பு மூட்டைகள் சில கிடந்தன. வியாழன் மாலை ஒன்றை மெத்தை நடுவில் போட்டேன்.

"பெரியவங்க எல்லாரும் வரிசையா வாங்க. தலைக்கு மேல தூக்கி, நான் சொல்ற வரைக்கும் பிடிக்கணும்."

"இது என்னத்துக்குமா?" என்றார் டுவைட்.

"பாரச் சோதனை. பாலம் திறக்கறதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் செய்வோம். எந்தப் பாலத்து மேலயும் சந்தேகம்னு அர்த்தம் இல்ல."

"நம்ம ஓக்லிக்கு உப்பு மூட்டைன்னு பேரு வச்சிடலாம் போல," என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். முதலில் நின்றவள் தூக்கினாள், பிடித்தாள், இறக்கினாள். அடுத்தவள். அதற்கடுத்தவள்.

பிரின்லி கடைசிக்கு நகர்ந்திருந்தாள். அவள் முறை வந்தது. மார்பு வரை தூக்கினாள். காது வரை போனது. வலது கை அங்கேயே நின்றது. முகம் வெளுத்தது. மூட்டை சரிந்து மெத்தையில் விழுந்து வாய் பிரிந்தது. உப்பு கொட்டியது.



"எப்பலருந்துடீ?" என்றாள் அவளோடு இடது பக்கம் தூக்குகிறவள்.

பிரின்லி நேரே என்னிடம் வந்தாள்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. சோதனைதான்."

"நான் என்ன பாலமா?"

"இல்ல."

"கோச் இருந்தா விட்டிருப்பாங்க! பாத்துக்குறேன்னு சொன்னாங்க. அவங்க கிட்ட மட்டும்தான் சொன்னேன். நீங்க... ரெண்டு வாரமா வந்து உக்காந்துட்டு..." கை தொங்க அழுதாள். ஓக்லி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். யார் காட்டிக்கொடுத்தது என்று பிரின்லியின் பார்வை ஒவ்வொருவர் முகமாகப் போனது. தன் இடுப்பில் இருந்த தலையை மட்டும் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டியது. ஆனால் வேண்டியது கிடைத்தது போல் இல்லை.

அவள் சொன்னது உள்ளே போய்ப் பதிந்தது. அம்மா விட்டிருப்பாளா? எல்லோரும் போனபின் உப்பை அள்ளிக்கொண்டிருந்த டுவைட்டிடம் கேட்டேன்.

"அம்மா விழறதுக்கு முந்தின நாள், செவ்வாய், பயிற்சி நடந்ததா?"

"நடந்துச்சே."

"பிரின்லி தூக்குனாளா?"

"அவ இல்லாம யாரு? ஓக்லியத் தூக்குனா. உங்கம்மா பாத்துட்டுத்தான் இருந்தா."

"நாற்காலிலயா?"

அவர் நிமிர்ந்தார். "இல்ல. கேட்டதும்தான் ஞாபகம் வருது. அன்னிக்கு உக்காரவே இல்ல. பிரின்லி முதுகுக்குப் பின்னாலயே நின்னா, ரெண்டு கையையும் இப்படி வச்சுக்கிட்டு. அதிசயமா இருந்துச்சு. என்ன ரோண்டா, நாற்காலி சுடுதான்னு கேட்டேன். உக்காந்தா கால் மரத்துப் போகுதுய்யான்னா."

தோள் விட்டுப்போனால் தாங்குவதற்காக நின்றாளா? அல்லது உண்மையிலேயே கால் மரத்ததா? மறுநாள் காலை விழுந்தவள். மருத்துவரிடம் கேட்டேன். மரத்தது அறிகுறியாக இருக்கலாம் என்றார், இல்லாமலும் இருக்கலாம் என்றார். எனக்கு இரண்டு காரணம் கிடைத்திருக்கிறது. எனக்குத் தேவை ஒன்றுதான்.

லெக்சிங்டனுக்குப் போனோம். பெரிய அரங்கம், காது கிழிய இசை. தூக்குவதை மாற்றியிருந்தோம். இரண்டு பேர் மண்டியிட, அவர்கள் தொடையில் ஓக்லி நிற்பாள். அவ்வளவு உயரம்தான். கிறிஸ்டல் ஒப்புக்கொண்ட உயரம். புள்ளிகள் அங்கேயே போய்விட்டன. மேடைக்குப் போகும் முன் பிரின்லி, கழுத்தில் மாட்டிய கட்டுத்துணியில் தொங்கிய கையோடு, ஒரு கையாலும் பல்லாலும் ஓக்லியின் தலையில் ரிப்பன் கட்டினாள்.

"ஆடாதடி குட்டி. வாய்ல ரிப்பன் இருக்கும்போது கடிச்சு வச்சிடுவேன்."

"வலிக்குதா?"

"நீ பேசுனா வலிக்குது."

ஓக்லி தொடைமேல் ஆடாமல் நின்றாள். முழங்கால் மடங்கவில்லை. கல்லூரிக்காரர் வந்தாரா என்று தெரியவில்லை. பிரின்லி அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்கும் பின்னால் ஒரே ஒரு டீம் வந்தது. டுவைட் அதைக் கொண்டாடினார்.

இருக்கையில் எனக்குப் பக்கத்தில் கிறிஸ்டல் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தாள்.

"கிறிஸ்டல், சின்னதுல நாம பின் எண்ணுவோமே. அங்க உக்காந்து என்ன பேசுவோம்?"

"நான் பேசுவேன். நீ எண்ணுவ. நிஜமாவே எண்ணுன ஒரே பைத்தியம் நீதான்டி. நடுவுல பேசுனா அடிப்ப."

"மேல ஏற பயமா இருக்குன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"நீயா? உனக்கு ஏது பயம்? பயந்து செத்தது நான். பெருசுங்க கைல என்னையும் ஏத்திடுவாங்களோன்னு உன் காதுல தினமும் அதத்தான் முனகுவேன். பயமா இருக்கு, பயமா இருக்குன்னு. அப்புறம் பாத்தா உங்கம்மா உன்ன இறக்கிட்டு என்ன ஏத்திட்டா. இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல." பொரியை நீட்டினாள். "சாப்டு. ஏன் மொகம் இப்படிப் போகுது?"

கிசுகிசுப்பில் குரல் கிடையாது, மூச்சு மட்டும்தான். தொண்டை நாண் அதிராது. எனவே கேட்பவர், சொல்வது இன்னார் என்று அடையாளம் காண முடியாது. மூலையில் இரண்டு சிறுமிகள் இருந்திருக்கிறார்கள். ஒருத்தி பயமாக இருக்கிறது என்றிருக்கிறாள். நாற்காலியில் இருந்தவள் அதைக் கேட்டு, தன் மகள் என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் மகளை இறக்கி, பயந்தவளையே ஏற்றிவிட்டாள்.

அல்லது அவள் ஒன்றையும் கேட்கவில்லை. நான் அந்த வருடம் உயரமாக வளர்ந்தேன். அவ்வளவுதானோ என்னவோ.

திங்கட்கிழமை நான் வேலை பார்க்கும் தலைநகருக்குத் திரும்பும் முன் சாவியை டுவைட்டிடம் கொடுக்கக் கொட்டகைக்குப் போனேன். அவர் வரத் தாமதம். கிறிஸ்டல் ஓக்லியை விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓக்லி எதிரே நின்று என்னைப் பார்த்தாள். பிறகு எதிர் மூலையில் இருந்த டின்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கூரையை, அந்த வளைவு விலாவை, ஒரு காலடியிலிருந்து மறு காலடி வரை கண்ணாலேயே அளந்தாள்.

"மிஸ் கெண்ட்ரா, அங்க உக்காந்தா இங்க பேசுறது கேக்கும்."

"அப்படியா?"

"அப்ப அங்க பேசுறது இங்க கேக்குமா?"

ஆமாம் என்றால் இனி எந்தச் சின்னதும் அந்த மூலையில் வாய் திறக்காது. பிரின்லியின் தோள் யார் வாயிலிருந்து வந்தது என்றும் இவளுக்குத் தெரிந்துவிடும். இல்லை என்றால் பொய். 

"கோச்சுக்குக் கேட்டிருக்குமா?"

"தெரியல," என்றேன். அது மட்டும் உண்மை.

அவள் மெத்தையைக் குறுக்கே கடந்து போனாள். மூலையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்களைக் கொட்டினாள். நான் அசையாமல் இருந்தேன். காதோரம் மூச்சு வந்தது, மெல்ல, ஒவ்வொரு சொல்லாக.

"கேட்டா... கையத் தூக்குங்க."

அவள் திரும்பிப் பார்க்கும் முன் நான் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து, மறுபடி கட்ட ஆரம்பித்தேன்.